கரும்புச் சோகையும் வெள்ளையடித்த கற்களும்

பட்டாளத்தானைக் கட்டியவளுக்குக் கடிதத்தில் வருகிற புருஷனே போதும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தையில் கத்தரிக்காயை விற்றுவிட்டு வன்னியம்பட்டித் தோட்டத்துக்குள் நுழைகிறேன். மூன்று மாதமாக நான் பரப்பி வைத்த கரும்புச் சோகையில், அந்தக் காய்ந்த தோகையில், ஒரு துரும்பு இல்லை. செடிகளுக்கு நடுவே மண் மொட்டையாகக் கிடந்தது. மூலையில் சாம்பல் புகைந்தது. போதாததற்கு வாய்க்கால் ஓரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருந்தது. பத்து நாள் லீவில் வந்திருந்த என் வீட்டுக்காரர் நேசையன் விளக்குமாறும் கையுமாக நின்றார்.

"எப்படிட்டி இருக்கு, தேவகிருபை? எங்க கேம்ப் மாதிரி இல்ல?"

"எந்த எடுபட்டவன் இதைச் செய்யச் சொன்னான்?"

"அண்ணன்தான். ஒம் பொண்டாட்டி தோட்டத்தைக் குப்பைமேடா ஆக்கிட்டான்னு வருத்தப்பட்டான்."

இவர் அண்ணன் ஜேசுதாசன் அத்தானுக்கா வருத்தம்! இவர் சண்டைக்குப் போன அன்றைக்கே அவர் கண் இவர் பங்குக்கு வந்த இந்தத் தோட்டத்தின் மேல் விழுந்தது. பங்குனிக்குள் கோரைக் களை மண்டினால் தோட்டத்தை அவரே எடுத்துக்கொள்வார் என்று குடும்பத்துப் பெரியவர்களைக் கூட்டிப் பேசி முடித்துவிட்டார். ஒற்றைப் பொம்பளையால் ஆகாதாம். அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

களையெடுக்க ஆள் ஏது? எல்லாப் பெண்களும் ராஜபாளையம் மில்லுக்குப் போய்விட்டார்கள். வைக்கோல் பரப்பினேன், அதிலிருந்த நெல் முளைத்தது, அதைக் கொத்த வந்த கோழிகள் செடியைக் கிளறின. கடலைத்தோடு போட்டேன், காற்று அள்ளிப்போய் அத்தான் வாசலில் கொட்டியது, அதற்கும் ஏச்சு வாங்கினேன். கடைசியில் கரும்பு போட்டிருந்த சுந்தரபாண்டியன் தோட்டத்துச் சோகையைத் தலையில் சுமந்து வந்து, தண்டை ஒட்டாமல் ஒரு சாண் விட்டு, நாலு விரல் கனத்துக்குப் போட்டேன். ஓரத்தில் தட்டப்பயறு படரவிட்டேன். அதையும் மீறி எட்டிப் பார்த்த கோரையை நானே பிடுங்கினேன். ஈரமும் நின்றது. அதைத்தான் இந்த மனுசன் கொளுத்தியிருக்கிறார்.

"அது குப்பையில்லய்யா, கோரைக்குப் போட்ட மூடி! தீயை வச்சிட்டு, கல்லுக்கு வெள்ளையடிச்சிட்டு நிக்கீரே, கவர்னரா வாராரு?"

"ஏசாத. இன்னும் ஆறு நாள் கெடக்கு. நானே களையெடுக்கேன்."

"ஆறு நாளு! பொறவு நீரு ரயிலேறிருவீரு. கோரையும் ஒம்மகூட ஏறுமா? பங்குனியில ஒங்கண்ணன் தோட்டத்தப் புடுங்கிக்கிட்டா நானும் புள்ளையும் எங்க போயி நிக்க?"

அவர் முகம் மாறியது. "இதை நீ எனக்கு எழுதவே இல்லையே?"

"எனக்கு எழுதத் தெரியுமா? நான் சொல்லச் சொல்ல எழுதினது யாரு? ஒங்கண்ணன்தான்!"

நான் அழுதுகொண்டே ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னேன். 'எல்லாரும் சுகம், தோட்டமும் நல்லாயிருக்கு' என்றுதான் தனக்குக் கடிதம் வந்தது என்றார். அவர் விளக்குமாற்றைக் கீழே போட்டார்.

மறுநாள் ஞாயிறு. கோயிலுக்குப் போட்ட காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் சுந்தரபாண்டியன் தோட்டத்துக்குப் போனார். சோகைக் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு அத்தான் வீட்டு வழியாகவே நடந்தார். நான் பின்னால் இன்னொரு கட்டோடு நடந்தேன்.

"ஏலே, பட்டாளத்துக்காரன் குப்பை சுமக்கியா? மானம் போகுதுலே!" என்று அத்தான் வாசலுக்கு வந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் கட்டை இறக்கவில்லை. "நேத்து நீ சொன்னன்னு கொளுத்துனேன். இன்னைக்கு அவ சொல்லுதா, சுமக்கேன். அது அவ தோட்டம்ணே. பத்திர ஆபீஸ்ல சொல்லி அவ பேருக்கே எழுதி வச்சிட்டுத்தான் போவேன். இனிமே அவ கடிதாசிய வாத்தியாரு எழுதுவாரு."

அத்தான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அப்போதும் என் கோபம் தணியவில்லை. வீட்டுக்காரர் தோட்டத்தில் பரப்பி முடித்ததும் விரலை வைத்து அளந்தேன். மூன்று விரல்தான் இருந்தது. இன்னொரு நடை போய்வரச் சொன்னேன். சும்மாட்டைச் சுருட்டிக்கொண்டு போனார்.