ஏழாம் வீட்டுக்கு வந்ததும் சொல்லுங்க

லிந்துலைக்கு அந்தப் பக்கத்தில் இரண்டு பிரதேச சபைகள் சேர்ந்து ஒரே ஒரு தீயணைப்பு நிலையம் வைத்திருந்தன. வண்டி மேல் சபையுடையது. கட்டடமும் ஆட்களும் கீழ் சபையுடையவை. இத்தனை பெரிய மனிதர்கள் மாதக்கணக்கில் கூடிப் பேசி, மாலை போட்டு, ரிப்பன் வெட்டித் திறந்துவிட்டுக் கடைசியில் ஒரு விதியையும் போட்டார்கள். நெருப்பு எந்தச் சபை எல்லைக்குள் எரிகிறதோ, அந்தச் சபையின் செயலாளர் போனில் உத்தரவு சொன்ன பிறகுதான் வண்டி கேட்டைத் தாண்ட வேண்டுமாம். என்ன மூளை, என்ன மூளை!

அந்த நிலையத்தில் போன் எடுக்கும் வேலை கிருஷாந்திக்கு. செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அவளுடைய சொந்தக் கைப்பேசி அடித்தது. அவள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டு வீரம்மா அத்தை.

"புள்ள, லயத்துல நெருப்பு! அஞ்சாம் வீட்டுக் கூரை பத்திக்கிச்சு. எல்லாரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிட்டாங்க. ஒங்கம்மாவ என்னால ஒண்டியா தூக்க முடியல!"

கிருஷாந்தியின் அம்மா மீனம்மா இரண்டு வாரத்துக்கு முன் மலையில் வழுக்கி விழுந்து, இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டோடு எட்டாம் வீட்டில் படுத்திருந்தாள். அந்த லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள், மேலே ஒரே கூரை. ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவில் இரண்டே வீடுகள்.

"நிப்ராஸ் அண்ணே! வண்டிய எடுங்க, எங்க லயம்!"

டிரைவர் நிப்ராஸ் குடித்துக்கொண்டிருந்த பிளேன்டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினான். என்ஜினை ஸ்டார்ட் பண்ண மட்டும் யாரையும் கேட்கத் தேவையில்லை. பண்ணிவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "எந்தச் சபை?"

அதுதானே வில்லங்கம். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர்க் கான்தான் இரண்டு சபைக்கும் எல்லை; அது அவர்கள் லயத்தின் பின்சுவரில் முட்டி வளைந்து போகிறது. எல்லை வரைந்த மகராசனுக்கு வளைக்கச் சோம்பல். கோட்டை நேராக இழுத்து, ஆறாம் வீட்டுக்கும் ஏழாம் வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் மேலேயே ஏற்றிவிட்டான். முதல் ஆறு வீடுகள் மேல் சபை, மிச்சம் ஆறு கீழ் சபை. தேர்தல் வந்தால் ஒரே வாசலில் கிளம்புகிறவர்கள் ஓட்டுப் போட இரண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள்.

எரிவது ஐந்து. அதனால் மேல் சபைக்கு அடித்தாள். கிளார்க் எடுத்தார்.

"செயலாளர் சேர் நுவரெலியாவுல கூட்டத்துல இருக்காருங்க. போன ஆஃப் பண்ணி வச்சிருக்காரு."

"அவசரங்க! அப்படி என்ன கூட்டம்?"

"அனர்த்த முகாமைத்துவம். நெருப்பு, வெள்ளம் வந்தா என்ன செய்யணும்னு."

கிருஷாந்தி ரிசீவரை வைத்த வேகத்தில் மேசை மேலிருந்த முருகன் படம் குப்புற விழுந்தது. உடனே கீழ் சபைக்கு அடித்தாள். செயலாளரே எடுத்தார். எடுத்து, பொறுமையாகக் கேட்டார்.

"அஞ்சாம் வீடு அவங்களுதுதானே தங்கச்சி? நான் அனுப்பினா நாளைக்கு என்மேலதான் விசாரணை வரும்."

"எங்கம்மா எட்டாம் வீட்டுல நடக்க முடியாம படுத்துருக்காங்க சேர். எட்டு ஒங்க சபை."

"எட்டுல நெருப்பு இருக்கா?"

"இன்னும் இல்லைங்க."

"அப்ப ஏழாம் வீட்டுக்கு வந்ததும் சொல்லுங்க. ஒடனே அனுப்பிடுவோம்."

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருக்கலாம். மனிதர் அன்பாகச் சொன்னார். கிருஷாந்திக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மா சாக வேண்டுமென்றாலும் எல்லை பார்த்துத்தான் சாக வேண்டுமா? வாசலில் வண்டி சும்மா நின்று புகை கக்கிக்கொண்டிருந்தது. கைப்பேசி மறுபடி அடித்தது. வீரம்மா இருமிக்கொண்டே பேசினாள். "ஆறாம் வீட்டுலயும் பொகை வருது புள்ள. ஒங்கம்மா சாமிய கூப்புட்டுக்கிட்டே இருக்கா."

கிருஷாந்தி ரிசீவரைத் தூக்கி, கீழ் சபைக்கே மறுபடி அடித்தாள்.

"சேர், வந்துருச்சு."

"எங்க?"

"ஏழாம் வீட்டுக்கு."

"ஆ, இப்ப சரி! அனுப்புங்க. நேரத்தையும் எழுதிக்கங்க."

பத்து ஐம்பத்தெட்டு என்று எழுதினாள். அந்தப் பதிவேட்டில் அவள் எழுதிய முதல் பொய். வண்டி கேட்டைத் தாண்டிவிட்டது. அவளால்தான் போக முடியவில்லை. போன் மேசையை விட்டு எழக் கூடாதென்று அதற்கும் ஒரு விதி இருந்தது. விழுந்த முருகனை எடுத்து நிறுத்திவைத்துவிட்டுக் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றரைக்கு நிப்ராஸ் பேசினான்.

"அம்மாவ தூக்கிட்டு வந்து தண்ணி புடிக்கிற பீலிக்கிட்ட படுக்க வச்சிருக்கோம். மாவுக்கட்டு நனைஞ்சி போச்சுன்னு என்னையத் திட்டிக்கிட்டிருக்காங்க."

"நெருப்பு?"

"ஆறாம் வீட்டுப் பாதிக் கூரையோட நின்னுருச்சு. தகரத்த எல்லாம் பிடுங்கிப் போட்டுத் தண்ணி அடிச்சோம். ஏழுக்குப் போக விடல."

கிருஷாந்தி வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே, நன்றாகத் திட்டட்டும் என்றாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு கடிதங்கள் வந்தன. மேல் சபைச் செயலாளர் கூட்டம் முடிந்து வந்துவிட்டார் போலிருக்கிறது. தங்கள் எல்லை நெருப்புக்குத் தங்கள் வண்டியைத் தங்களைக் கேட்காமல் அனுப்பியது ஏன் என்று கேட்டிருந்தார். கீழ் சபையின் கடிதத்தை நிப்ராஸ் வாங்கிச் சத்தமாக வாசித்தான்.

"ஏழாம் இலக்க வீட்டுக்குத் தீ பரவியதாக நீர் அறிவித்துள்ளீர். எனினும் நேரில் பரிசோதித்தபோது மேற்படி வீடு எவ்வித சேதமுமின்றிக் காணப்பட்டது. மேற்படி வீடு எரியாமைக்கான காரணத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் சமர்ப்பிக்கவும்." கடிதத்தை மேசையில் போட்டான். "அடப் படுபாவிகளா! இதுக்கு என்னான்னு எழுதுவ?"

மூன்று நாள் எதற்கு? கிருஷாந்தி கடிதத்தை இழுத்து, கீழே இருந்த வெற்றிடத்தில் அப்போதே எழுதினாள்.

"வண்டி போனது."