ஜோடிக்காரனின் கிட்டங்கி

சரக்குக் கிட்டங்கிக்குள் கால் வைத்ததும் கொம்பையாவுக்குத் தும்மல் வந்துவிட்டது. ஒரு பக்கம் பனந்தும்பு நார் கட்டுக் கட்டாக ஆளுயரத்துக்கு மேல் அடுக்கிக் கிடந்தது. மறுபக்கம் மருந்துக்குப் போகிற நிலாவாரை இலை மூட்டைகள். எல்லாம் கப்பலேறப் போகிற சரக்கு. தும்புத் தூசி மூக்கில் ஏறினால் லேசில் இறங்காது. அவன் தும்மி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

“ஏலே, இந்தத் தும்மல் எனக்குத் தெரியுமே! கொம்பையாதான? வாலே உள்ள!”

வன்னியபெருமாள் நாற்காலியை விட்டு எழுந்தே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் பேனா. தொப்பை விழுந்திருந்தது. ஆனால் இடது தோள் இன்னும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. நிலக்கரிக் கடகப்பெட்டி சுமந்த தோள், எந்தச் சட்டைக்குள் போனாலும் நிமிராது. கொம்பையாவின் தோளும் அப்படித்தான்.

கணக்கப்பிள்ளை தலையைத் தூக்கிப் பார்த்தார். பழைய பழக்கத்தில் ‘வன்னியா’ என்று நாக்கு நுனிவரை வந்ததைக் கொம்பையா விழுங்கிக்கொண்டான்.

“சொகமா இருக்கியளா அண்ணாச்சி?”

“என்னலே புதுசா அண்ணாச்சி நொண்ணாச்சின்னுகிட்டு?” என்று வன்னியபெருமாள் சிரித்தார். சிரித்தாரே தவிர, வேறு மாதிரிக் கூப்பிடு என்று சொல்லவில்லை.

காப்பி வந்தது. இரண்டும் ஒரே மாதிரியான எவர்சில்வர் டம்ளர். கொம்பையா அதைக் கவனித்தான். இதையெல்லாம் கவனிக்காமல் இருக்க அவனால் முடியாது, பிறந்ததிலிருந்து பழக்கம்.

“ஓய், இவன் யாருன்னு தெரியுமா?” என்று வன்னியபெருமாள் கணக்கப்பிள்ளையிடம் ஆரம்பித்தார். “கரிக்கப்பல்ல என் ஜோடி. நான் பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு இவந்தான் எனக்கு முதுகு தேச்சுவிட்டான். காதுக்குள்ள கரி இருக்குலேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே இந்தப் பய! என் மாமியா கேட்டா, மாப்பிள்ளைக்குக் காதுல என்ன வியாதின்னு.”

“சொன்னா மறுபடி குளிக்கப் போயி வண்டிய விட்டுருவியன்னு சொல்லல அண்ணாச்சி.”

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்கக் கொம்பையாவுக்குத் தைரியம் வந்தது. கேட்டுவிடலாம். இவன் வன்னியன்தான். தொப்பைக்குள்ளே அதே வன்னியன்தான் இருக்கிறான்.

அவர்கள் கரி சுமந்த காலத்தில் புதுத் துறைமுகம் கிடையாது. கரையோரத்தில் ஆழம் பற்றாது என்று கப்பல்கள் கடலுக்குள் வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை எடுத்துவர வேண்டும். கரிக்கப்பல் வந்தால் ஊரில் பாதிப் பேருக்கு வேலை. அந்த வேலைக்கு ஒற்றை ஆள் ஆகாது. கடகத்தைத் தூக்கிவிட ஒருவன், சுமந்து பலகைமேல் நடக்க ஒருவன். பாதி நாளில் மாற்றிக்கொள்வார்கள். தூக்கிவிடுகிறவன் வெடுக்கென்று இழுத்தால் சுமக்கிறவன் கழுத்து போய்விடும். அதனால் யாருக்கு யார் ஜோடி என்பதில் மேஸ்திரி தலையிடமாட்டார். ஆட்களே பார்த்துச் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். வன்னியனும் கொம்பையாவும் மீசை முளைக்கிற வயதில் ஒரே காலையில் வேலைக்கு வந்து, அன்றைக்கே ஜோடி சேர்ந்தவர்கள்.

திரேஸ்புரத்து ரோச்தான் தோணிக்குத் தண்டல், அவர் சொன்னதுதான் அங்கே சட்டம். தோணியில் ஒரு மரப்பீப்பாயில் தண்ணீர், அதில் ஒரு தகரக் குவளை. எல்லாருக்கும் அது ஒன்றுதான். புதிதாக வந்த ஒருத்தன் கொம்பையா குடித்து வைத்த குவளையைப் பார்த்துக் கையைப் பின்னுக்கு இழுத்தான். ரோச் சுக்கானைப் பிடித்தபடியே சொன்னார்: “ஏலே, தனிக் குவளை வேணும்னா கரையில போயி குடிச்சுக்கோ. நீந்தத் தெரியும்லா?” தோணியே குலுங்கிச் சிரித்தது. பாய் விரித்து வருகிற அந்தத் தூரம் முழுக்க எல்லா மூஞ்சியும் கறுப்பு. எவன் எந்தத் தெரு என்று அவனவன் பல்லைக் காட்டினால்கூடத் தெரியாது. உப்புக்காற்று அடிக்கும். ஒருவன் பாட்டை எடுத்துவிடுவான். வன்னியன் கொண்டுவந்த கருவாட்டைக் கொம்பையாவின் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்வார்கள்.

கரை ஏறினால் கதை வேறு. காப்பிக்கடையில் வன்னியன் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி கிளாசில் குடிப்பான். கொம்பையா வெளியே நின்று சிரட்டையில் வாங்கிக் குடிப்பான். குடித்து முடித்தபின் இரண்டு பேரும் சேர்ந்தே நடந்து போவார்கள். அதைப் பற்றி அவர்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

பிறகு வன்னியனின் ஆட்கள் அவனுக்குக் கடை வைத்துக் கொடுத்தார்கள். அவர்களுக்குள் மகமை என்று ஒன்று உண்டு. கடை வைத்திருக்கிற ஒவ்வொருவரும் விற்றதில் ஒரு துளியை எடுத்து உறவின்முறைச் சங்கத்தின் பொதுப் பணத்தில் போட்டுவிடுவார்கள். அதில் பள்ளிக்கூடம் நடக்கும், சத்திரம் நடக்கும், பிழைக்கத் துடிக்கிற பையனுக்குக் கைமுதலும் கிடைக்கும். கடை திறந்த அன்று மூட்டை இறக்கியது கொம்பையாதான். ‘நீயும் வந்துரு, நாம ரெண்டு பேரும் சேந்து நடத்துவோம்’ என்று தோணியில் வரும்போதெல்லாம் வன்னியன் சொல்லியிருந்தான். கடை திறந்தபின் சொல்லவில்லை. கொம்பையா மறுநாள் வேறு ஜோடி தேடிக்கொண்டான்.

இப்போது கப்பல் நேராகக் கரையில் வந்து கட்டுகிறது. தோணியும் இல்லை, அந்தத் தூரமும் இல்லை. கொம்பையாவுக்குப் புதுத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற ஆட்களோடு இடம் கிடைத்திருந்தது, மாதச் சம்பளம். அதை நினைத்துக்கொண்டுதான் அவன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான்.

“ஒரு காரியமா வந்தேன் அண்ணாச்சி. எங்க குடிசைக வழியா தண்டவாளம் போகுதாம். கல்லு நட்டுட்டான். எங்கள உப்பளத்துக்கு அந்தப் பக்கம் போவச் சொல்லுதான்.”

“கேள்விப்பட்டேன்.”

“அங்கன போனா எம் மக வடிவு படிப்பு நின்னுபோவும். அடுத்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. முன்னால போன வீட்டுப் பிள்ளைக ஒண்ணுகூடப் பள்ளிக்கூடம் போவல, எல்லாம் உப்பு வாருது.” கொம்பையா மூச்சு வாங்கினான். “இந்தத் தெருவுல ஒங்க வீடு ஒண்ணு, வாத்தியாரு குடியிருந்தது, பூட்டிக் கெடக்கே. பள்ளிக்கூடம் பக்கம். வாடகை எல்லாரும் குடுக்கதக் குடுத்துருதேன். மாசம் தவறாது.”

வன்னியபெருமாள் பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். கணக்கப்பிள்ளைக்குத் திடீரென்று வெளியே ஏதோ வேலை வந்துவிட்டது.

“அந்த வீடு என் ஒருத்தன் கையில இல்லலே. வீடு எம்பேர்ல இருக்கு, தெரு உறவின்முறையில இருக்கு. நாலு பேரு கேப்பான்.”

“நீங்க சொன்னாக் கேக்க மாட்டானா?”

“கேப்பான். எம் முன்னால கேப்பான். பின்னால எம் மகளுக்கு மாப்பிள்ளை கேட்டு ஒருத்தன் வரமாட்டான்.” பிறகு முகம் தெளிந்து, ஏதோ நல்ல வழி கிடைத்ததுபோல நிமிர்ந்தார். “ஏலே, நீ எதுக்கு வாடகை குடுக்கணும்? பின்னால கிட்டங்கியோட ஒட்டி ஒரு அறை இருக்கு. ஓடு போட்டது. லைட்டு இருக்கு. ராத்திரிக் காவலுக்கு ஒரு ஆளு எனக்கும் வேணும். நீ வந்து படுத்துக்கோ. காலையில ஒம் பொஞ்சாதி சம்முகத்தாய் ரெண்டு வாசலும் தூத்துப் பெருக்கிட்டாப் போதும். ஒத்தப் பைசா வேண்டாம். வாத்தியார் வீட்டைவிட அதுதான் பள்ளிக்கூடத்துக்குப் பக்கம்!”

மனதாரத்தான் சொன்னார். அதுதான் கொம்பையாவுக்குத் தாங்கவில்லை. காசு மிச்சம் பிடிக்கிற பேச்சாக இருந்தால் நாலு கேட்டுவிட்டு எழுந்து போயிருப்பான்.

“நாம ரெண்டு பேரும் ஒரே நாள்ல கடகம் தூக்குனோம்,” என்றான் மெதுவாக.

“தூக்குனோம். அதுக்கு? எங்க தாத்தா பனையேறி. அவுக காலத்துல எங்க ஆளுகளக் கோயிலுக்குள்ள விடல, தேரோடுற தெருவுல நடக்க விடல. யாருகிட்டயும் போயி நிக்கல நாங்க. சிறுகச் சிறுகச் சேத்தோம், வந்தோம். நீங்களும் சேக்க வேண்டியதுதான? யாரு தடுத்தா?”

“எதுலேருந்து சேக்க? ஒங்களுக்குக் கடை இருந்துச்சு, வித்ததுல எடுத்துப் போட்டிய. எங்க தெருவுல முதுகுதான் இருக்கு. முதுகுல எதப் பிச்சுப் போடச் சொல்லுதிய?” கொம்பையாவின் குரல் உயரவில்லை. “எம் மச்சான் காப்பிக்கடை போட்டான். எங்க தெருவத் தாண்டி ஒருத்தன் வந்து குடிக்கல. ஒங்க தாத்தா கருப்பட்டி வித்தா ஊரு வாங்குச்சு அண்ணாச்சி. எங்க கை பட்டத எவன் வாங்குவான்?”

வன்னியபெருமாள் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். கோபப்படவில்லை. “அறை இருக்கு. யோசிச்சுச் சொல்லு,” என்றார்.

குடிசைக்கு வந்து சொன்னபோது சண்முகத்தாய் மீன் அரிந்துகொண்டிருந்தாள். பாதி கேட்டதும் அரிவாள்மணையை நகர்த்திவிட்டு எழுந்தாள்.

“ஜோடிக்காரன் ஜோடிக்காரன்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து எங் காதத் தின்னீரே, இதுக்குத்தானா? அவரு பொஞ்சாதி மெத்தையில உருளுவா, நான் அவ வாசலத் தூத்தணுமாக்கும்! வீடு கேக்கப் போனீரா, வேலை கேக்கப் போனீரா?”

“வீடுதான் கேட்டேன்.”

“அப்பம் வீட்டக் குடுக்கச் சொல்லும். இல்லன்னா நான் உப்பளத்துக்கே வாரேன். அங்கன நம்ம ஆளுகளாவது இருப்பாக.”

வடிவு மூலையில் புத்தகங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கம் போனாலும் கட்டத்தானே வேண்டும் என்று அவளே ஆரம்பித்திருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“அங்கன லைட்டு இருக்காப்பா?”

“இருக்கு.”

“அப்பம் நான் தூத்துதேன்மா. பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னால முடிச்சிருவேன். நீ ஒண்ணும் செய்யாண்டாம்.”

சண்முகத்தாய் மறுபடி அரிவாள்மணையில் உட்கார்ந்தாள். கொம்பையா சாக்கின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தான். கரித்தூசியில் இருமி இருமி இவளைப் படிக்க வைத்தது, இவள் கையில் விளக்குமாறு ஏறக் கூடாது என்றுதான். அதைத் தொட்டுவிட்டால் அப்புறம் இவளை யாரும் வடிவு என்று கூப்பிடப் போவதில்லை, கிட்டங்கி தூத்துற பிள்ளை என்றுதான் சொல்வார்கள். ஒரு தரம் பேர் விழுந்தால் விழுந்ததுதான்.

மறுநாள் காலையில் போனான். இந்தத் தடவை உட்காரவில்லை.

“அறைக்கு வாரேன். காவலும் நான், தூத்துறதும் நான். எம் பொஞ்சாதியும் பிள்ளையும் வெளக்குமாத்தத் தொடமாட்டாக. அதுக்குச் சம்மதம்னா சாவியக் குடுங்க.”

“நீ துறைமுகத்து ஷிப்டும் பாத்துகிட்டு இதையும் செய்வியாலே? ஒடம்பு தாங்குமா?”

“எங்க ஆளுக ஒடம்பு தாங்கும்.”

வன்னியபெருமாள் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தார். கொம்பையாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்து நீட்டினார். கொம்பையா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். “வாரேன் முதலாளி.”

வன்னியபெருமாள் நிமிர்ந்து பார்த்தார். கொம்பையா அதற்குள் படியிறங்கியிருந்தான்.

குடிவந்த மறுநாள் விடிகிற நேரம். கொம்பையா பின்வாசலைத் தூத்து முடித்து, உள்ளே சிதறிக் கிடந்த தும்பைக் கூட்டிக்கொண்டிருந்தான். வன்னியபெருமாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்துவிட்டார். ஜோடிக்காரன் குனிந்து கூட்டுவதைப் பார்த்துக்கொண்டே தூசிக்கு ஒதுங்கி நின்றார். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார்.

“ஏலே கொம்பையா, அந்தக் கோவாக்காரன் ஞாபகம் இருக்கா? கப்பல்ல சமையல்காரன். கிறிஸ்மசுக்கு நமக்குக் கேக்குத் துண்டு குடுத்தானே?”

கொம்பையா கூட்டுவதை நிறுத்தவில்லை.

“நீ ஒன் துண்ட ஆத்தாளுக்குன்னு மடியில கட்டிவச்ச. தோணியில அலை அடிச்சு மடியோட கரைஞ்சுபோச்சு. நீ மூஞ்சியத் தூக்கிட்டு இருந்ததப் பாத்து நான் என் துண்டக் குடுத்துட்டேன். ஞாபகம் இருக்காலே?”

இருந்தது. கேக்கில் திராட்சை இருந்தது, சாராய வாடை அடித்தது. ஆத்தா அதை மருந்து என்று நினைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். தோணியில் ‘நீ சாப்பிடலையாலே?’ என்று இவன் கேட்டதற்கு வன்னியன், ‘எனக்கு இனிப்பே ஆகாதுலே’ என்று கடல் பக்கமாகத் திரும்பிக்கொண்டான். அவனுக்கு இனிப்பு என்றால் உயிர். காற்று அன்றைக்கு வடக்கேயிருந்து அடித்தது. எல்லாம் இருந்தது.

“இல்ல முதலாளி,” என்றான் கொம்பையா. “ஞாபகம் இல்ல.”

“மறந்துட்டியா?”

“மறந்துபோச்சு.”

வன்னியபெருமாள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மூட்டைகளுக்கு இடையில் நடந்து போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பின்னறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வடிவு சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னாள், மனதில் ஏறுகிறவரைக்கும். கொம்பையா தும்பைக் குவித்து அள்ளி ஓரமாகப் போட்டான். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது. முன்வாசல் இன்னும் பாக்கி.