வார்னிஷுக்கு அடியில் காற்று

வேலை பார்க்கிற பெயின்ட் கடையில் அவள் வாய்க்கு யாரும் தப்ப முடியாது. ஈரச் சுவருக்குப் பெயின்ட் கேட்டு வருகிறவர்களிடம், "அடிங்க, உரிஞ்சதும் திரும்ப இங்கதானே வருவீங்க" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள், வீட்டு வாசலை மிதித்ததும் வாய்ப்பூட்டு போட்டுக்கொள்வாள்.

காரணம், பஸ் ஓட்டுகிற கணவரின் மூத்தாள் மகள். பத்தாம் வகுப்புப் படிக்கிற தாயில்லாப் பெண். அதட்டி ஒரு சொல் சொன்னாலும் 'சித்தி கொடுமை' என்று நாலு பேர் பேசுவார்களே என்று இவளுக்குப் பயம். அந்தப் பெண்ணும் குறை வைக்கவில்லை. "சாப்பிட்டீங்களா சித்தி? நீங்க உட்காருங்க சித்தி" என்று விருந்தாளியைக் கவனிப்பது போலக் கவனித்தாள். விருந்தாளி என்றால் ஒருநாள் கிளம்பித்தானே ஆகவேண்டும்? இந்த வீட்டு மனுஷியாக ஆவோமா மாட்டோமா என்ற நினைப்பு இவளை அரித்துக்கொண்டே இருந்தது.

சாப்பாட்டு மேஜை கீறலும் கறையுமாகக் கிடந்தது. படம் வெட்டி ஒட்டிப் புதுசாக்கலாம் என்று பெண்தான் யோசனை சொன்னாள். இவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உப்புத்தாளும் வார்னிஷும் கடையிலிருந்தே வாங்கி வந்தாள். இருவருமாக மேஜையைத் தேய்த்துத் தூசி துடைத்தார்கள். பெண் பழைய காலண்டர்களிலிருந்து பறவைகளைக் கால் நகம் முதற்கொண்டு பிசகாமல் வெட்டி, பசையில் தண்ணீர் கலந்து தடவி ஒட்டினாள். நடுவில் ஒரு பெரிய கொக்கு. அதன் வயிற்றில் மட்டும் காற்று அடைபட்டுக் காகிதம் லேசாக உப்பி நின்றது.

இவள் பார்த்துவிட்டாள். ஊசியால் குத்தி, துளி பசை விட்டு, துணியால் அழுத்தினால் தீர்ந்தது.

"எப்படி இருக்கு சித்தி? பிசகு இருந்தா சொல்லுங்க."

"உன் கை பட்ட இடத்துல பிசகு ஏது? ரொம்ப அழகா இருக்கு."

சொல்லிவிட்டு, அந்த உப்பலின் மேலேயே இவள் வார்னிஷ் அடித்தாள். மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் நைஸ் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு, மறுபடியும் பூச்சு. நன்றாக இறுகும்வரை மூவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிறகு மேஜை புழக்கத்துக்கு வந்தது. சூடான தட்டு, சிந்திய தண்ணீர், பாடப்புத்தகம், கணவரின் முழங்கை எல்லாவற்றையும் தாங்கியது.

ஒரு ஞாயிறு மதியம் கணவர் சோற்றுப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்தார். அடிவிளிம்பு கொக்கின் வயிற்றில் மாட்டி, வார்னிஷ் சில்லாக உடைந்து காகிதம் கிழிந்தது. பெண் குனிந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"உள்ள காத்து இருந்திருக்கு. உங்களுக்குத் தெரியாதா சித்தி?"

பொய் சொல்லத்தான் வாயெடுத்தாள். வரவில்லை. "தெரியும். ஒட்டின அன்னிக்கே பார்த்தேன்."

"பார்த்துட்டுமா மேல வார்னிஷ் அடிச்ச?" பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. "நான்தான் கேட்டேனே. அழகா இருக்குன்னு சொன்ன. கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் சொல்ற, எனக்குச் சொல்ல மாட்டியா?"

சுருக்கென்றது. வலித்த வேகத்தில் வாய்ப்பூட்டும் தெறித்தது.

"நீ மட்டும் என்னவாம்? அவசரக்குடுக்கை. நடுவுலேர்ந்து ஓரத்துக்கு அழுத்திக்கிட்டே வரணும்னு ஒட்டுறவளுக்குத் தெரிய வேணாமா? ஒரு கையில கொக்கு, ஒரு கையில போன்."

"அதை அப்பவே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

கணவர் தட்டைத் தள்ளி வைத்தார். "என்ன பேச்சு இது? சித்தியப் பார்த்து 'அடிச்ச', 'சொன்ன'வா? 'அடிச்சீங்க'ன்னு மரியாதையா சொல்லு."

பெண் தலை குனிந்தாள். மன்னிப்புக் கேட்க உதடு பிரிந்தது. இவளுக்குப் பகீரென்றது.

"நீங்க சும்மா இருங்க," என்றாள் கணவரிடம். "அவ என்கிட்டதானே பேசுறா. அப்படியே பேசட்டும்."