நிறுத்திய இடம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஃபோனைச் சாய்த்துவைத்து, அந்தக் கொரியத் தொடரை அவள் மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். அதில் காதலில் அடிபட்ட இரண்டு பேர்; நாயகி வாயாடி, நாயகன் ஊமைக்கோட்டான்; ஒரே ஆபீஸில் எலியும் பூனையுமாக எதிரெதிர் மேஜை. வயிறு வலிக்கச் சிரித்த கதைதான். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

முன்பு கூட உட்கார்ந்து பார்த்தவன் கடையில் கண் பரிசோதிக்கிறவன். எல்லோருக்கும் அவன் 'பவர்'. அவனை ஒருத்தி கைவிட்டிருந்தாள், இவளை ஒருவன். சாப்பாட்டு வேளையில் ஆளுக்கொரு இயர்ஃபோன். கடைசிப் பகுதி மட்டும் பாக்கி இருந்தபோது, ஒரு லென்ஸ் வீணானது யாருடைய தப்பு என்று உப்புப்பெறாத சண்டை. இவள் வாய்க்கு வந்ததைக் கொட்டினாள். அவன் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

தொடர் ஓடுவது இன்னமும் அவன் கணக்கில்தான். பாஸ்வேர்டை அவன் மாற்றவில்லை. வீட்டைப் பூட்டியவன் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லையே என்று இவள் மனம் அதைப் பிடித்துக்கொண்டது. நப்பாசைக்கு ஒரு துரும்பு போதாதா?

ஐந்தாம் பகுதியை இவள் நிறுத்தியது ஓரிடம். மறுநாள் அது பத்து நிமிஷம் தள்ளி நின்றது. அப்படியானால் அவனும் பார்க்கிறான். அதற்குப் பிறகு இடம் பார்த்து நிறுத்தினாள். மன்னிப்புக் கேட்கும் காட்சியில் நிறுத்தினால் மறுநாள் அதைத் தாண்டியிருக்கும். மன்னித்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டாள். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ. பதினைந்தாம் பகுதி முடிந்த அன்று, மானம் ரோஷம் பார்க்காமல் ஃபோன் செய்து, கடைசிப் பகுதியைச் சேர்ந்து பார்க்கலாமா என்று கேட்டாள்.

“அது நீங்களா? என் வொய்ஃப் பாத்துக்கிட்டிருக்கா. யாரோ நடுவுல வந்து எடத்த மாத்தி வைக்கறாங்கன்னு தெனம் புலம்புவா. கல்யாணம் ஆகி மூணு மாசம் ஆச்சு. அங்க யார்கிட்டயும் சொல்லல.”

வாடி போடி என்று பேசியவன் 'நீங்க' என்றதுதான் முதலில் குத்தியது. மற்றதெல்லாம் பிறகுதான் வலித்தது.

“ஒண்ணுதான பாக்கி? பாத்து முடிச்சிடுங்க. நாளைக்கு பாஸ்வேர்ட மாத்திக்கறேன்.”

நல்ல மனசோடுதான் சொன்னான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஃபோனை வைத்துவிட்டுக் கடைசிப் பகுதியைத் திறந்தாள். அது முப்பதாவது நிமிஷத்தில் நின்றிருந்தது. முதலிலிருந்து போட்டால் அவன் மனைவி நிறுத்திய இடம் கலைந்துபோகும். போடாமலே ஃபோனைக் கவிழ்த்துவிட்டு, அடுத்த லென்ஸைக் கையில் எடுத்தாள்.