வார் கட்டும் கை

ராஹாலின் குதிரை ஒரு வருடமாகச் சேணம் பார்க்கவில்லை. தண்ணீர் காட்டப் போனாலும் சரி, தரிசில் ஓடவிட்டு வந்தாலும் சரி, வெறும் முதுகில்தான் ஏறிக்கொள்வான். சேணம் வீட்டுக்குள் கோதுமை மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. மனைவி ஒருமுறை அதைத் தூசி தட்டி வைத்தாள் என்பதற்காக அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான்.

அவன் கூட்டாளி மாத்தி செத்த விதம் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. போன வருடத் திருவிழாவில், குதிரைக்குழு ஒரே வரிசையாகப் பாய்ந்து வந்து, எல்லோரும் அங்கவடியில் கால் ஊன்றி எழுந்து நின்று, ஒரே வேட்டாக வானத்தில் சுடத் துப்பாக்கியை உயர்த்திய நேரத்தில், மாத்தியின் சேணம் பக்கவாட்டில் உருண்டது. அவன் விழுந்தான். பக்கத்துக் குதிரைகள் அவனைத் தாண்டிவிடத்தான் பார்த்தன. சில குதிரைகளால் முடியவில்லை.

அந்தக் குழுவில் யாரும் தன் குதிரைக்குத் தானே வயிற்று வார் கட்டுவதில்லை. சேணத்தைக் குதிரையின் மேல் பிடித்து நிறுத்துவது அந்த ஒரு வார்தான். அதை இடப்பக்கம் நிற்கிறவன் கட்டுவான். பாயப் போகிறவனுக்குப் பயம் இருக்கும். பயந்த கை, குதிரைக்கு மூச்சு முட்டும்வரை இறுக்கும். பாசம் மிஞ்சினால் அதே கை தளர்த்திவிடும். அதனால் கட்டும் வேலை அடுத்தவனுக்கு. அவன் கட்டும்போது குதிரைக்காரன் தலைப்பக்கம் போய் நின்று, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கட்டி முடிந்த பிறகு அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. திறந்தாலும் கட்டினவன் காதில் வாங்கக் கூடாது.

மாத்தி வாய் திறந்தான். "ஒரு துளை தளர்த்துடா, பாவம், இவனுக்கு வலிக்குது" என்றான். குழு முழுக்கக் கேட்டது. இடப்பக்கம் நின்ற ராஹால் தளர்த்தினான்.

"அவன்தானே கேட்டான், நீ என்ன பண்ணுவ?" என்று ஊர் ஆறுதல் சொன்னது. சொல்வதற்கு என்ன, நாக்குக்கு நரம்பா இருக்கிறது? அதைக் கேட்டாலே ராஹாலுக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்டால் தளர்த்தக் கூடாது என்பதற்காகத்தானே ஐயா அந்த வழக்கத்தையே வைத்திருக்கிறார்கள்!

அறுவடை முடிந்து, அடுத்த திருவிழாவுக்குக் கொடி நட்ட வாரத்தில், மாத்தியின் மனைவி ரக்கியா அவன் வீட்டு வாசலுக்கு வந்தாள். துக்கத்தின் வெள்ளை உடையைக் கழற்றி வெகுநாள் ஆகியும், வெள்ளைத் தலைத்துணியை மட்டும் அவள் விடவில்லை. ராஹால் எழுந்து நின்றான். அவன் சொல்வதற்கு முன்பே உள்ளே வந்து அவளே உட்கார்ந்தாள். அவளே உட்கார்ந்தாள்.

"ஷாமா அவ அப்பன் இடத்துல ஏறப்போறா. குழுத் தலைவர் ஹாஜியும் சரின்னுட்டாரு."

"கேள்விப்பட்டேன் அண்ணி."

"அவ அப்பன் குதிரை சேணத்தப் பாத்தாலே கடிக்க வருது. எந்த வாரும் அதுக்கு ஆவல. வந்து ஒண்ணு பாத்துக் குடு."

"ஊர்ல வேற ஆளா இல்ல?"

"ஆளுக்கென்ன பஞ்சம். எல்லாரும் அதுக்குத் திமிருங்கறானுங்க. அதுக்கு எங்க வலிக்கும்னு தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்."

அது குத்தலா, உண்மையா என்று அவள் முகத்தில் தேடினான். வெறும் உண்மைதான்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள் ரக்கியா. "அவளுக்கு இடப்பக்கம் ஆளில்ல. உன் இடத்த யாருக்கும் குடுக்கல ஹாஜி."

"அது என்னால ஆகாது அண்ணி. இந்தக் கைய வச்சுக்கிட்டு அந்தப் புள்ள கிட்டயே நான் போகக் கூடாது."

"அவளுக்கும் அதான் எண்ணம். உன் பேர எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடறா." ரக்கியா தேநீர்க் குவளையைத் தொடாமல் தள்ளி வைத்தாள். "இங்க பாரு ராஹால். உன்ன மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல. எத்தன நாள் சுவத்தப் பாத்து உன்னத் திட்டியிருக்கேன்னு எனக்குத்தான் தெரியும். ஆனா எம்புள்ள குதிர ஏறப்போறா. உன்கூடச் சண்ட போட இப்ப எனக்கு நேரமில்ல."

புதன்கிழமைச் சந்தையில், சேணக்காரன் அப்பாஸின் கடை முன்னால் சாம்பல் நிறக் குதிரையை ஷாமா பிடித்துக்கொண்டு நின்றாள். பத்தொன்பது வயது, அப்பனின் நீண்ட தாடை, அப்பனைப் போலவே எடை முழுவதும் ஒரு காலில். ராஹாலைப் பார்த்ததும் முகம் கல்லானது. முன்பெல்லாம் "சித்தப்பா" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். இப்போது ஒன்றும் கூப்பிடவில்லை.

குதிரை அவனை மறக்கவில்லை. காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டது. ராஹால் அவசரப்படாமல் கழுத்தில் கை வைத்து, தோள் வழியாக மெல்லக் கீழே இறக்கினான். முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்துக்குப் பின்னால், தோல் மடிகிற இடத்தில் கை போனதும் குதிரைக்கு உடம்பெல்லாம் வெடவெடத்தது. குனிந்து பார்த்தான். சாம்பல் மயிருக்கு நடுவே ஒரு கீற்று வெள்ளை மயிர். ஆறிய புண்ணில் முளைத்தது.

போன வருடம் குழு மொத்தத்துக்கும் ஒரே மாதிரி வார் தைக்கக் கொடுத்தார்கள். சிவப்பு வெல்வெட், அதன்மேல் தங்கச் சரிகை. பார்க்க அத்தனை அழகு. விறைப்பான துணி, நீளமும் போதாது. அதனால் பூட்டுகிற வளையம் சரியாக அந்த மடிப்பின் மேல் உட்கார்ந்தது. ஒவ்வொரு எட்டுக்கும் கடித்திருக்கும். மாத்தி சொன்னது பொய்யில்லை. குதிரைக்கு வலித்தது. அன்றைக்கு வேண்டியிருந்தது தளர்த்துவது அல்ல, வாரையே மாற்றுவது. அழகுக்கு ஆசைப்பட்ட அந்த வரிசையில் அது யாருக்கும் தோன்றவில்லை, ராஹாலுக்கும்தான்.

அப்பாஸ் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். "இந்தா, இளம் ஆட்டுத்தோல். மாப்பிள்ள இடுப்புல கட்டினாக்கூட உறுத்தாது."

ராஹால் அதன் ஓரத்தைத் தன் முன்கையின் உள்பக்கம் வைத்து இழுத்தான். சிவப்பாய்க் கோடு விழுந்தது. "உன் மாப்பிள்ளைக்கே வச்சுக்க."

அடுத்தது உள்ளே ரோமம் வைத்தது. மெத்தென்று இருந்தது, ஆனால் வேர்த்தால் சூட்டைப் பிடித்துக்கொள்ளும். அதற்கடுத்தது நல்ல வார்தான், நேராக வெட்டியிருந்தார்கள். இந்தக் குதிரைக்கு மார்புக்கூடு முன்னால் ஒடுங்கிப் பின்னால் விரியும். நேரான வார் ஓட ஓட முன்னால் நழுவி, மறுபடி அதே இடத்தைத்தான் போய் அறுக்கும்.

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறவன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான்" என்று அலுத்துக்கொண்டான் அப்பாஸ்.

கடைசியில் மூலையில் கிடந்த ஒன்றை ராஹாலே இழுத்து எடுத்தான். பழுப்புக் கம்பளி நூலில் நெய்தது. நெஞ்செலும்புக்குக் கீழே அகலம், முன்னங்காலுக்குப் பின்னால் குறுகி வளைந்து வந்தது. நீளமும் போதுமானது, வளையங்கள் இரண்டு பக்கமும் மேலே, சேணத்தின் மடலுக்கு அடியில் போய் உட்காரும். அதைக் குதிரை முகர்ந்து பார்க்கக் கொடுத்தான். பிறகு சேணத்தை மெல்ல முதுகில் ஏற்றி, வாரைத் தொங்கவிட்டு, பூட்டாமல், வயிற்றில் உரசவிட்டான். குதிரை மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொண்டது. காத்திருந்தான். நெடுநேரம் கழித்து அது பெருமூச்சு விட்டபோது, முதல் துளையில் லேசாகப் பூட்டினான்.

"நடத்திட்டு வாம்மா" என்றான்.

ஷாமா நடத்திக்கொண்டு போனாள். குதிரை திரும்பி வரும்போது தலை தாழ்ந்து, காதுகள் பக்கவாட்டில் தளர்ந்திருந்தன. அதை அவளும் பார்த்தாள்.

குழுத் தலைவர் ஹாஜி பூஅஸ்ஸா அதற்குள் மோப்பம் பிடித்து வந்துவிட்டார். "டேய், என்னடா இது, கோணி நிறத்துல? அத்தன பேருக்கும் சிவப்பு, இவளுக்கு மட்டும் இதுவா? நடுவருங்க மார்க்குல கை வப்பாங்கடா!"

"வைக்கட்டும் ஹாஜி. வேணும்னா குதிர வயித்துக்கு அடியில படுத்துப் பாத்துட்டுப் போடச் சொல்லுங்க."

"குழுவோட மானம்னு ஒண்ணு இல்லையா?"

"போன வருஷம் மானமாத்தான் இருந்தோம்" என்றான் ராஹால். ஹாஜி வாரை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். குதிரையின் பிடரியைக் கோதிக்கொண்டிருந்த ஷாமாவின் கை நின்றது. அவனை நேராகப் பார்த்தாள், அந்த ஒரு வருடத்தில் முதல் தடவையாக.

அன்று மாலையே மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து சேணத்தை எடுத்தான். அவன் மனைவி பார்த்தும் பார்க்காதது போல் அடுப்பைக் கவனித்தாள். பயிற்சிக்கு ஷாமாவின் இடப்பக்கம் போய் நின்றான்; ஆனால் அவள் குதிரைக்கு வார் கட்ட மட்டும் கை வரவில்லை. ஹாஜியிடம் கெஞ்சி, அவரையே கட்ட வைத்தான். அவளும் அதைத்தான் விரும்பினாள் என்பது அவள் விறைத்து நின்றதிலேயே தெரிந்தது.

திருவிழா அன்று ஹாஜி கையை விரித்துவிட்டார். "இன்னிக்கு வழக்கப்படிதான். நீ கட்டலைன்னா குழு ஓடாது. சொல்லு, திரும்பிப் போயிடலாமா?"

சுற்றிலும் வெள்ளை அங்கிகள், தூசி, வெடிமருந்து நெடி. கயிற்றுக்கு அப்பால் சனக்கூட்டம். அதில் ரக்கியாவின் வெள்ளைத் தலைத்துணியை ராஹால் பார்க்காமல் இருக்க முயன்றான். அவனுடைய குதிரைக்கு இடப்பக்கத்துக்காரன் ஏற்கெனவே கட்டி முடித்துவிட்டான். எல்லோரும் இவன் முகத்தைப் பார்த்தார்கள்.

போய் நின்றான். ஷாமா தலைப்பக்கம் போகவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. சேணத்துக்கு அருகிலேயே நின்று, அவன் விரல்களையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். வழக்கத்துக்கு விரோதம்தான். யாரும் கேட்கவில்லை. யாருக்குக் கேட்க உரிமை இருந்தது?

 கம்பளி வாரை முன்னங்காலுக்குப் பின்னால் இடைவெளி விட்டுப் படியவைத்தான். முதல் பூட்டு. நடத்திக் கொண்டுவந்தான். இன்னொரு துளை, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சமமாக. முன்னங்கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி முன்னால் இழுத்தான். வாருக்கு அடியில் சுருண்ட தோல் நீவிக்கொண்டது. மறுபடி நடை. கடைசித் துளை. விரல்களைத் தட்டையாக நீட்டி உள்ளே விட்டான், நுழைந்தது. மடக்கிப் பார்த்தான், இடமில்லை. குதிரை ஒருமுறை கூடக் கடிக்கத் திரும்பவில்லை.

ஷாமா ஏறி உட்கார்ந்தாள். அப்பனின் நீளத் துப்பாக்கி மடியில். ராஹால் தன் குதிரைப் பக்கம் நகர்ந்தபோது, மேலேயிருந்து அவள் குரல் கேட்டது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

"ஒரு துளை தளர்த்துங்க. பாவம், இவனுக்கு வலிக்குது."

 யாரோ "யா லத்தீஃப்" என்று இறைவனைக் கூப்பிட்டு முணுமுணுத்தார்கள். ராஹால் திரும்பினான். அதே சொற்கள். அந்த அடித்தொண்டைக் கரகரப்பு கூட அதேதான். அவன் கை தானாக வாரின் மேல் போய் உட்கார்ந்தது. அடியில் குதிரையின் மூச்சு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"முடியாது" என்றான்.

"வலிக்குதுங்கறேன்."

"வலிக்கல. வலிச்சா எனக்குத் தெரியும். நீ இல்ல, உங்கப்பனே எந்திரிச்சு வந்து கேட்டாலும் முடியாது!" அவன் குரல் உடைந்து கத்தலாக வந்தது. கண்ணீர் தாடியில் இறங்கியதை அவன் துடைக்கவில்லை. "இறங்கறதுன்னா இறங்கிக்க. தளர்த்த மாட்டேன்."

ஷாமா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "தளர்த்தியிருந்தீங்கன்னா, இறங்கி வீட்டுக்குப் போயிருப்பேன்."

ராஹால் வாரிலிருந்து கையை எடுத்தான். தன் குதிரையில் ஏறினான்.

ஹாஜி குரல் கொடுத்தார். வரிசை பாய்ந்தது. ராஹால் எதிரே பார்க்க வேண்டியவன். அவன் பார்த்ததெல்லாம் வலப்பக்கம் ஓடிய சாம்பல் குதிரையின் வயிற்றில் இருந்த பழுப்புக் கோட்டைத்தான். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவளும் எழுந்தாள். சேணம் மயிரிழை நகரவில்லை. துப்பாக்கிகள் ஒரே சத்தமாக வெடித்தன. புகைக்கு அப்பால் பெண்களின் குலவை கிளம்பியது. அதில் ரக்கியாவின் குரலும் இருந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை.

அடுத்த ஓட்டத்துக்கு முன்னால் எல்லாக் குதிரைகளின் வாரையும் அவிழ்த்துப் புதிதாகக் கட்ட வேண்டும். ராஹால் இறங்கி வந்து பூட்டைக் கழற்றி, முன்னங்காலுக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தான். மயிர் படிந்து, ஈரமாக, வழுவழுவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை. ஷாமா பக்கத்தில் வந்து நின்றாள். அவன் மறுபடி அவள் கண்ணெதிரே கட்டத் தயாரானான்.

"கட்டுங்க சித்தப்பா" என்றாள். சொல்லிவிட்டுக் குதிரையின் தலைப்பக்கம் போனாள். அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் கட்டி முடிக்கும்வரை அவள் திரும்பவே இல்லை.