தார் முடியும் இடம்

லாரி நெருங்கிவிட்டது என்பது எனிஃபாவின் முதுகுக்குத்தான் முதலில் தெரிந்தது. காதுக்கு அதற்குப் பிறகுதான் கேட்டது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து, சைக்கிளைத் தார் முடியும் இடத்தை ஒட்டி நகர்த்தினாள். அங்கே தார் பிய்ந்து, ஒரு சாண் பள்ளமாக இறங்கியது. சக்கரம் அதில் இறங்கினால் விழ வேண்டியதுதான். இறங்காவிட்டால் லாரி. லிலோங்வே நகரத்துக்கு வெளியே, லும்பட்ஸியிலிருந்து கனெங்கோ புகையிலைத் தொழிற்சாலை வரைக்கும் தினமும் காலையில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு முழ அகலம்தான்.

லாரி கடந்தது. அதன் காற்று முதலில் அவளை வெளியே தள்ளி, பிறகு சக்கரங்களின் பக்கம் உள்ளே இழுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள்.

"நேரா ஓட்டு தங்கச்சி," பின்னாலிருந்து லாஸ்டன் கத்தினான். "திரும்பிப் பாக்காத. பின்னால பாக்கறது என் வேலை."

"உனக்குப் பின்னால யாருண்ணே பாக்கறது?"

"கடவுள். அவரும் குளிர் காலத்துல கொஞ்சம் லேட்டாத்தான் எந்திரிப்பாரு போல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாய் மட்டும் உலர்ந்தே இருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடமாகியும் இந்தப் பயம் பழகவில்லை. தொழிற்சாலை கேட்டுக்குள் நுழைந்து, சைக்கிளைச் சாத்தி வைத்த பிறகுதான் ஒவ்வொரு நாளும் தோள் இறங்கும். அண்ணனிடம் இதைச் சொன்னதில்லை. அவனும் பயப்படுகிறவன்தான் என்பது அவன் அதிகம் பேசுவதிலிருந்து அவளுக்குத் தெரியும்.

பொழுது நன்றாக விடிந்திருந்தது. ஒரு மினிபஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே விட்டிருந்த கண்டக்டர், கையில் பிடித்திருந்த ரப்பர் செருப்பால் லாஸ்டனின் தோளில் ஒன்று வைத்தான்.

"ரோடு என்ன உங்கப்பன் வீட்டுத் தொழுவமா? எறங்குடா கீழ!"

"எங்கப்பன் வீட்டுதா இருந்தா உன்ன உள்ளயே கட்டி வச்சிருப்பேன்டா!" என்றான் லாஸ்டன்.

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனிஃபாவைக் கடந்து கொஞ்ச தூரம் போன பஸ், கையைக் காட்டிய ஒரு பெண்ணுக்காகச் சட்டென்று நின்றது. அதன் வால் பிடித்து வந்த ஒரு பிக்கப் வண்டி மோதாமல் தப்ப இடது பக்கம் வெட்டியது. இடது பக்கத்தில்தான் இவர்கள் இருந்தார்கள்.

"எறங்கு!"

அண்ணனின் குரல் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. யோசிக்காமல் ஹேண்டிலைப் புல் பக்கம் ஒடித்தாள். முழங்கால் கல்லில் மோதியது. முகம் மண்ணில் பதிந்தது. மண்ணில் கிடந்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டாள். பெரிய சத்தம்கூட இல்லை. தகர டப்பாவை யாரோ மிதித்த மாதிரி.

தலையைத் தூக்கியபோது பிக்கப் இல்லை. மினிபஸ்ஸும் கிளம்பியிருந்தது. வழியோரம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்கிற பெண்கள் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். லாஸ்டன் மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது.

"உனக்கு அடி பட்டுச்சா?"

"இல்லண்ணே."

"முட்டில ரத்தம் வருது."

"அது ஒண்ணுமில்லண்ணே. நீ பேசாத."

கார்கள் வேகத்தைக் குறைத்து, பார்த்துவிட்டுப் போயின. கடைசியில் முட்டைக்கோஸ் ஏற்றிய ஒரு வண்டி நின்றது. கோஸ் மூட்டைகளின் மேல் அவனைக் கிடத்தினார்கள். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு எனிஃபா டிரைவர் இருந்த பக்கத் தகரத்தைக் கையால் ஓங்கி ஓங்கி அடித்தாள். "வேகமா! இன்னும் வேகமா!" வண்டி அலறிக்கொண்டு பறந்தது. அதற்கு முன்னால் வேலைக்குப் போகிற சைக்கிள்காரர்கள் சிதறிப் புல்லில் குதித்தார்கள். அவள் அதைப் பார்த்தாள். தகரத்தை அடிப்பதை நிறுத்தவில்லை.

உச்சிவெயில் நேரத்தில் ஆஸ்பத்திரியில் லாஸ்டன் இறந்தான். அவன் மனைவி மலீட்டா வந்து சேர்ந்தபோது துணியால் மூடியிருந்தார்கள். மலீட்டா துணியை விலக்கி அவன் காதில் ஒட்டியிருந்த ஒரு கோஸ் இலைத் துணுக்கை எடுத்துப் போட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

*

அன்றிரவு வீட்டுக்குள் பெண்கள் சவப்பெட்டியைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து பாடினார்கள். வெளியே ஆண்கள் தீ மூட்டிச் சுற்றி இருந்தார்கள். தாய்மாமன் பெனாயா எனிஃபாவை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"வண்டி நம்பர் பாத்தியா?"

"இல்ல மாமா. நான் கீழ கிடந்தேன்."

"என்ன கலர்?"

"வெள்ளையா இருந்த மாதிரி."

"பாதி ஊரு வண்டி வெள்ளதான்." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், மலீட்டா வழிச் சொந்தக்காரர், கேட்டார். "அவன் சைக்கிள்ல லைட் இருந்துச்சா?"

"விடிஞ்சிருச்சுங்க."

"என்ன சட்டை போட்டிருந்தான்?"

"சிவப்பு."

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டே பக்கத்துப் பக்கத்துல போனீங்களாக்கும்?"

"ஒருத்தர் பின்னால ஒருத்தர்தான் போனோம்."

"அப்புறம் எப்படி?"

அவர் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அவரும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறார். லாஸ்டன் செய்த தப்பு ஒன்று கிடைத்தால், அதைச் செய்யாமல் இருந்துகொள்ளலாம் என்று பார்க்கிறார். அவள் உள்ளே போய்ப் பெண்களோடு உட்கார்ந்தாள். சாலையில் கனமான வண்டி ஏதாவது போகும்போதெல்லாம் வீட்டுச் சுவர் லேசாக அதிர்ந்தது. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது அன்றுதான் தெரிந்தது.

*

மறுநாள் லாஸ்டனின் உடலை டெட்ஸா மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவர்கள் சொந்தக் கிராமத்துக்குக் கொண்டுபோகத் தொழிற்சாலையிலிருந்து லாரி வந்தது. ஓட்டி வந்தவர் கிரெஷம். லாஸ்டன் பத்து வருடமாகப் புகையிலைப் பொதிகளை ஏற்றியது அந்த லாரியில்தான். கிரெஷம் இறங்கி வந்து, பெட்டியின் மேல் கை வைத்து நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெட்டியைத் தூக்கும்போது அவரும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார்.

மலீட்டாவும் சர்ச் பெண்களும் பின்னால் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எனிஃபாவின் முழங்கால் வீங்கியிருந்ததால் முன்னால் ஏற்றினார்கள். ஜன்னலோரம் அவள், நடுவில் பெனாயா மாமா, அப்புறம் கிரெஷம்.

அவ்வளவு உயரத்திலிருந்து அவள் சாலையைப் பார்த்ததே இல்லை. லாரி கிளம்பியது. தார் முடியும் இடம் இங்கிருந்து தெரியவே இல்லை. சைக்கிள்காரர்கள் யாரோ கிழித்துப் போட்ட கோடு மாதிரி இருந்தார்கள். பார்க்கும்போதே கண்ணாடியின் கீழ் விளிம்புக்குப் போய், மறைந்தார்கள். மறைந்தவர்கள் பக்கக் கண்ணாடியில் மறுபடி வருகிறார்களா என்று ஒவ்வொரு முறையும் தேடினாள்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்கிற இடம் வந்தது. பின்னால் பாட்டு உரத்தது. கிரெஷம் தொப்பியைக் கழற்றினார். புல் நசுங்கிய தடம் கண்ணில் பட்டு முடிவதற்குள் கடந்துவிட்டது.

லிலோங்வே நகரத்தைத் தாண்டியதும் கிரெஷம் வேகம் எடுத்தார். முன்னால் சைக்கிள் தெரிந்தால் போதும், கை ஹாரனுக்குப் போனது. ஒவ்வொரு ஹாரனுக்கும் எனிஃபாவின் தோள் காதுவரை ஏறியது.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா."

"மெதுவாப் போனா பொழுது சாஞ்சிரும்மா. பாரேன் இவன, காது கேக்காதவன் மாதிரி போறான்." மறுபடி ஹாரன். "நாம அடிச்சாத்தான் இவங்களுக்கு உசிரு மேல ஞாபகமே வருது."

"அங்க குழி தோண்டி வச்சிட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்க," என்றார் மாமா, அவளைப் பார்க்காமல்.

ஒரு வளைவில், பின்னால் பெரிய மூட்டை கட்டிய சைக்கிள் ஒன்று முன்னால் தெரிந்தது. எதிரே பஸ் வந்துகொண்டிருந்தது. கிரெஷம் ஹாரனில் கை வைத்து அழுத்தியபடி இடது பக்கம் ஒதுங்கினார். மூட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் திரும்பியது. நரைத்த தாடி. திறந்த வாய். பிறகு எதுவும் இல்லை. கண்ணாடியின் கீழ் விளிம்பு அவனை விழுங்கிவிட்டது.

பக்கக் கண்ணாடியில் அவன் வரவில்லை.

"நிறுத்துங்க."

"ஒண்ணும் ஆகலம்மா, எறங்கிட்டான்."

"நிறுத்துங்க!" அவள் கதவைத் திறந்துவிட்டாள். தார் கீழே ஓடிக்கொண்டிருந்தது. மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். கிரெஷம் பிரேக்கை மிதித்தார். பின்னால் பெட்டி நகர்ந்து இடிக்கிற சத்தமும், அறுந்த பாட்டும், மலீட்டாவின் அலறலும் கேட்டன.

எனிஃபா இறங்கி நொண்டிக்கொண்டே ஓடினாள். பள்ளத்தில் என்ன கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும் என்றே நினைத்தாள்.

அவன் உட்கார்ந்திருந்தான். முழங்கை உரிந்திருந்தது. மூட்டை வெடித்து, மாவு மில்லுக்குக் கொண்டுபோன மக்காச்சோளம் புல்லெங்கும் வெள்ளையாகச் சிதறிக் கிடந்தது. அவள் ஓடிவருவதைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து, கையை முன்னால் நீட்டித் தடுத்துக்கொண்டு பின்வாங்கினான்.

"மன்னிச்சிருங்கம்மா. தெரியலம்மா, சாவு வண்டின்னு தெரியல. நான் ஓரமாத்தான் போனேன்."

எனிஃபா குனிந்து, சோளத்தைக் கையால் கூட்டத் தொடங்கினாள். அவன் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் சர்ச் பெண்கள் ஒவ்வொருவராக லாரியிலிருந்து இறங்கி வந்தார்கள். வெள்ளைச் சட்டையோடு புல்லில் மண்டியிட்டு, மண்ணை ஊதி ஊதி, சோளத்தைத் தங்கள் இடுப்புத் துணிகளில் சேர்த்தார்கள். மலீட்டாவும் வந்தாள். அந்த மனிதன் மட்டும் "போதும்மா, போதும்மா, உங்களுக்கு நேரமாகுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

லாரியில் ஏறியபோது மாமா பொருமிக்கொண்டிருந்தார். "ஒரு மணி நேரம் போச்சு. சூரியன் விழுந்தப்புறம் யாராவது அடக்கம் பண்ணுவாங்களா? ஊருல என்ன பதில் சொல்றது?"

எனிஃபா கிரெஷமைப் பார்த்துச் சொன்னாள். "அவரு எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு."

கிரெஷம் சாவியைத் திருப்பவில்லை. "நான் இதுவரைக்கும் ஒருத்தர் மேலயும் ஏத்துனதில்லம்மா," என்றார். "பொண்டாட்டி தனியாப் படுத்துக்கறா. தூக்கத்துல என் காலு பிரேக்க மிதிக்குதாம். அவ விலாவுல."

"மெதுவாப் போங்க அண்ணே."

"இருட்டிரும்."

"இருட்டட்டும்."

அதற்குப் பிறகு லாரி ஊர்ந்தது. சைக்கிள் தெரிந்தால் அதன் பின்னாலேயே போனது, இடம் கிடைக்கிற வரைக்கும். பின்னால் பஸ்களும் கார்களும் சேர்ந்துகொண்டு அலறின. முந்திப் போகிறவர்கள் ஜன்னலை இறக்கித் திட்டினார்கள். பெட்டி கண்ணில் பட்டதும் சிலர் வாயை மூடிக்கொண்டார்கள், சிலர் மூடவில்லை. எனிஃபா கதவுப் பிடியை விடவில்லை. பயம் குறைந்துவிடவில்லை. முன்னால் போகிற சைக்கிள்களில் இருந்தது, பின்னால் அலறுகிற வண்டிகளிலும் வந்து சேர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

*

ஊர்ப் பெரியவர்கள் கோபமாக இருந்தார்கள். பெனாயா மாமாதான் பேசினார். எல்லாப் பழியையும் லாரி எஞ்சின் மேல் போட்டார். "வழில சூடாயிருச்சு, நின்னு நின்னு வந்தோம்" என்றார். எனிஃபாவின் பக்கம் திரும்பவே இல்லை.

மரங்களுக்கு நடுவே குழி ஏற்கெனவே இருண்டிருந்தது. கயிறு கட்டிப் பெட்டியை இறக்குகிறவர்களுக்குக் கால் வைக்கிற இடம் தெரியவில்லை. யாரோ கிரெஷமிடம் போய்ச் சொன்னார்கள். அவர் லாரியை மெல்ல முன்னால் கொண்டுவந்து, கல்லறைப் பக்கம் திருப்பி, விளக்குகளைப் போட்டார். பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க எஞ்சினை ஓடவிட்டார்.

எனிஃபா குழியின் விளிம்பில், லாரிக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். வெளிச்சம் பின்னாலிருந்து அவள் மேல் விழுந்தது. எஞ்சின் சத்தம் முதுகுத்தண்டில் ஏறியது. கால் விரல்கள் தாமாகவே செருப்புக்குள் சுருண்டு, இடது பக்கம் புல்லை நோக்கித் திரும்பின. எறங்கு, எறங்கு என்றது உடம்பு. பக்கத்தில் மலீட்டா நின்றிருந்தாள். எனிஃபா அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

கயிறு இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்களின் நிழல்களும் நீண்டு, குழியைத் தாண்டி, எதிர்ப்பக்கத்து மண் குவியல் மேல் ஏறி நின்றன. எனிஃபா திரும்பிப் பார்க்கவில்லை. ஒதுங்கவும் இல்லை.