கட்டாத கைகள்

"கையைக் கட்டாதீங்கண்ணே," என்றாள் தங்கை.

பிணவறை ஊழியர் துணி நாடாவோடு நிமிர்ந்தார். "ஸ்ட்ரெச்சர்ல சரிஞ்சு தொங்கும்மா. எல்லாருக்கும் கட்டுறதுதான்."

"எங்க அக்காவுக்கு வேணாம்."

அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நாற்பத்தோரு வருடம் அந்தக் கைகளால்தான் சண்டை போட்டாள், பேரம் பேசினாள், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் புறம் பேசினாள்.

மலர்வளையத்தோடு காப்பகத்து மேடம் வந்தார். பத்து வயதில் அக்காவைப் பொத்தான் பட்டறையிலிருந்து மீட்டவர்.

"நாளைக்கு இரங்கல் கூட்டம்மா. இதைத்தான் படிக்கப் போறோம், பாத்துடு," என்று ஒரு தாளை நீட்டினார்.

'பேச முடியாத அவருக்கு நாங்கள் குரலாக இருந்தோம்.'

தங்கையின் கண் அந்த வரியைத் தாண்டவில்லை.

மீட்கப்பட்ட அக்காவைப் பார்க்க அம்மாவோடு காப்பகத்துக்குப் போனபோது தங்கைக்கு எட்டு வயது. அக்கா கைகளால் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். காது மடலை விரலால் பாதியாக வெட்டுவதுபோல் காட்டினாள். பட்டறைக்குக் கூட்டிப்போனது பாதிக் காது அறுந்த எதிர்த்தெருத் தரகர் என்று அர்த்தம். தங்கை அதை அப்படியே மேடத்திடம் சொன்னாள். "நீ வெளியே போய் விளையாடு கண்ணு," என்றார் மேடம். 'குழந்தை எதுவும் தெரிவிக்கவில்லை' என்று ஃபைலில் எழுதினார்கள்.

போலீஸ் பிடித்துவைத்திருந்த தரகர் சாட்சி இல்லையென்று வெளியே வந்தார். அடுத்த வருடம் அதே தெருவிலிருந்து நான்கு குழந்தைகள் பட்டறைக்குப் போயின. இரண்டு திரும்பவில்லை.

அக்கா தங்கையைத்தான் அடித்தாள். நீ ஒழுங்காகச் சொல்லவில்லை என்றாள். முப்பது வருடமாகத் தங்கையும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

"மேடம், நான் அன்னைக்குச் சரியாத்தானே சொன்னேன்?"

"நீ குழந்தை. குடும்பத்து ஆள் வேற. சைகை தெரிஞ்சவங்க அப்போ யாரும் கிடைக்கலம்மா."

"தேடினீங்களா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

"அக்கா உங்களுக்கு ஒரு பேர் வெச்சிருந்தா." தங்கை மூடிய கையால் உள்ளங்கையில் இரண்டு முறை குத்திக் காட்டினாள்.

"புரியலையே."

"ரப்பர் ஸ்டாம்பு."

ஊழியர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

"இதுல என்ன மாத்தணும்னு சொல்லும்மா," என்றார் மேடம், சன்னமாக.

"'அவ சொல்லத்தான் செஞ்சா, நாங்கதான் எழுதல'ன்னு படிங்க."

மேடம் தாளை இரண்டாக மடித்தார். பிறகு நான்காக.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. வாசல்படியில் சக்கரம் ஏறி இறங்கியபோது, போர்வைக்குள்ளிருந்து அக்காவின் வலது கை நழுவி வெளியே விழுந்தது. ஊழியர் நாடாவை எடுத்தார். தங்கை வேண்டாமென்று தலையசைத்தாள்.

கை ஆடுவதற்கு இடம் விட்டு, சற்றுத் தள்ளி நடந்தாள்.